கென்னடியின் 'குவாரண்டைன்': தமிழில் எந்தச் சொல்?

ஹட்டனிலிருந்து:
உயர்தர அரசறிவியல் குறிப்புகளில் 1962 கியூபா நெருக்கடி, அதாவது சோவியத் ஏவுகணைகள் கியூபாவில் வைக்கப்பட்டதால் எழுந்த நெருக்கடி வரும் இடத்தில், அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கியூபாவுக்குப் போன கப்பல்களை மறித்ததற்கு இட்ட 'குவாரண்டைன்' என்ற பெயரைக் 'கடல் முற்றுகை' என்றே எழுதிவருகிறோம். அது பிழை. சர்வதேசச் சட்டத்தில் முற்றுகை ஒரு போர்ச் செயல். அந்தப் பெயரைத் தவிர்ப்பதும் வாஷிங்டன் எடுத்த முடிவில் ஒரு பாதி. 'கடல் மறியல்' சரிவருமா?

பண்டாரவளையிலிருந்து:
மறியல் வேண்டாம் சேர். தமிழகத்தில் சாலை மறியல் என்று விளங்கிக்கொள்வார்கள். இங்கே பிள்ளைகளுக்கு விளக்கமறியல், அதாவது ரிமாண்ட் காவல்தான் நினைவுக்கு வரும். 'தனிமைப்படுத்தல்' கொரோனாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

நடந்ததைப் பார்த்துப் பெயர் வைப்போம். ஒக்டோபர் 16 காலை ஏவுகணைத் தளப் படங்கள் கென்னடியின் கைக்கு வந்தன. 22 இரவுதான் நாட்டுக்கு அறிவித்தார். இடையில் ஆலோசனைக் குழுவில் வான் தாக்குதலா, கடலில் மறிப்பதா என்ற வாதம். எல்லா ஏவுகணைகளையும் அழிக்கலாம் என்று விமானப்படையால் உறுதி தர முடியவில்லை. ஒன்று தப்பினாலும் ஆபத்து. மறித்தால் அடுத்த அடியை மொஸ்கோ வைக்க வேண்டும். ஏற்கெனவே தீவில் இறங்கிய ஏவுகணைகளை மறிப்பு தொடாது என்பதுதான் ஓட்டை. 23இல் அமெரிக்க நாடுகள் அமைப்பின் ஒப்புதல், 24 காலை 10 மணிக்கு நடைமுறை. தாக்குதல் ஆயுதங்களுக்கு மட்டுமே தடை. உணவும் எரிபொருளும் போகலாம். 25இல் புக்கரெஸ்ட் என்ற எண்ணெய்க் கப்பலைப் போகவிட்டார்கள். 26இல் மருக்லா என்ற கப்பலில் ஏறிச் சோதித்துவிட்டு அதையும் விட்டார்கள். தெரிந்தெடுத்து மறிப்பதால் 'தெரிமறிப்பு'.

கண்டியிலிருந்து:
தெரிமறிப்பு நல்ல சொல்தான், ஆனால் வேடத்தைக் கலைத்துவிடுகிறது. அவர்கள் எடுத்தது நோய்த்தடுப்புச் சொல். 1937இல் சிகாகோ உரையில் அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் ஆக்கிரமிப்பாளரைத் தொற்றுநோயாளிக்கு ஒப்பிட்டு இதே சொல்லைத்தான் எடுத்தார். இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த நம்மவரைத் தமிழகக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் நிறுத்திவைத்ததும் இந்தப் பெயரில்தானே! 'கடல் தடைக்காப்பு' என்போம். பீரங்கி மறைந்து காப்பு மட்டும் முன்னால் நிற்கும். கென்னடிக்கு வேண்டியதும் அதுதான்.

ஹட்டனிலிருந்து:
சரி, தலைச்சொல் கடல் தடைக்காப்பு, விளக்கத்தில் தெரிமறிப்பு. 1948இல் சோவியத் மேற்கு பெர்லினை அடைத்ததற்கு முற்றுகை என்ற சொல்லே இருக்கட்டும், அங்கே உணவு போகும் தரைவழியும் அடைபட்டது. விடைத்தாளில் கியூபாவுக்கு 'முற்றுகை' என்று எழுதினால் புள்ளி வெட்டுவதா?

பண்டாரவளையிலிருந்து:
கேள்வி யார் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள் சேர். சோவியத் தலைவர் குருஷ்சேவ் கென்னடிக்கு எழுதிய 24ஆம் திகதிக் கடிதத்தில் இதை ஆக்கிரமிப்புச் செயல் என்றார். சோவியத் நோக்கை விளக்கச் சொன்ன கேள்விக்கு 'முற்றுகை' என்று எழுதிய பிள்ளைக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம்.