பேப்பர் ஏஜென்சியை விட்டுவிடலாமா?

காவேரிப்பட்டணம் ஏஜென்ட்:
வணக்கம். அப்பா காலத்து ஏஜென்சி. விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டில் கட்டு இறங்கும். பிரித்து, இணைப்பை உள்ளே செருகி, லைன் வாரியாக அடுக்கிப் பையன்களை அனுப்புவோம். 2020 ஊரடங்கில் பேப்பரில் கிருமி ஒட்டிக்கொண்டு வரும் என்று நிறுத்தியவர்களில் பலர் திரும்பவே இல்லை. மற்ற வீடுகளில் பெரியவர் இருக்கும்வரைதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மகன் போன் போடுகிறார்: "ஒண்ணாந்தேதில இருந்து வேணாங்ணா."

பேப்பர் கமிஷன் என்றைக்குமே சில்லறைதான். கையில் நின்ற காசு நோட்டீஸ் செருகுவதில் வந்தது: ஆடித் தள்ளுபடி, ஸ்கூல் அட்மிஷன், புது நகைக்கடை. அந்தக் கடைக்காரர்கள் இப்போது வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள், பைசா செலவில்லை. லைனுக்குப் பையன் கிடைக்காமல் நானே வண்டி எடுக்கிறேன். டெபாசிட்டை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடலாமா?

தருமபுரி வக்கீல் குமாஸ்தா:
அவசரப்படாதீங்க. பேப்பர் அவ்வளவு சீக்கிரம் போகாது. பத்திரம் தொலைந்தால் விளம்பரம், சம்மன் சார்வாகாவிட்டால், அதாவது உரியவர் கையில் போய்ச் சேராவிட்டால், விளம்பரம். கடன் கட்டாத சொத்தை பேங்க் கைப்பற்றினால் இரண்டு நாளிதழில் அறிவிப்பு வரணும், ஒன்று உள்ளூர் மொழியில்; 2002 விதி அது.

ஓசூர்க்காரன்:
நம் நாட்டுக்கு வேண்டிய செய்தித்தாள் காகிதத்தில் பெரும்பங்கு இறக்குமதி. 2022-இல் உக்ரைன் போர் வந்து ரஷ்யக் காகிதம் தடுமாறியதும் விலை எகிறியது. பேப்பரும் இளைத்துப்போச்சு. நான் ஏஜென்சியை விடவில்லை, அதே லைனில் பால் பாக்கெட்டும் போடுகிறேன். பெட்ரோல் காசு பாலில் வந்துவிடும்.

மாங்காய் மண்டி, கிருஷ்ணகிரி:
சீசனில் பெட்டிக்கு அடியில் விரிக்கப் பழைய பேப்பர் போதவில்லை. விற்காமல் மிஞ்சிய வெளிநாட்டுப் பேப்பர் கட்டுக்கட்டாக வருகிறது, வாங்கிப் போடுகிறோம். பிரித்தால் கொரிய எழுத்து! தமிழ்ப் பேப்பர் என்றால் பழம் அடுக்கும் அம்மா ஒரு பத்தியாவது படித்துவிட்டுத்தான் மடிப்பார்.

காவேரிப்பட்டணம் ஏஜென்ட்:
குமாஸ்தா அண்ணா, அந்த விளம்பரக் காசு நேரே கம்பெனிக்குப் போகிறது. விளம்பரம் வந்த அன்று சம்பந்தப்பட்டவர் நாலு காப்பி கூடுதலாக வாங்குவார், எனக்கு அவ்வளவுதான். பால் யோசனை சரியாகத் தெரிகிறது. ஓசூர் நண்பரே, பாக்கெட் ஒழுகினால் நட்டம் யார் தலையில்?