இழை: ‘மோஷன் அசெம்பிளி மைக்ரேஷன்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

முப்பரிமாண வரைவு மென்பொருளுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பழைய மென்பொருளில் கட்டிய அசையும் அசெம்பிளியை, அதாவது பல பாகங்களைப் பொருத்திய மாதிரியை, புதியதற்குக் கொண்டுபோவது பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. கேட்டியா வி5-இலிருந்து 3டிஎக்ஸ்பீரியன்ஸுக்குப் போவதுதான் அதில் வரும் எடுத்துக்காட்டு. ‘இயக்கத் தொகுப்பு இடப்பெயர்ச்சி’ என்று தலைப்புப் போட்டேன். சரிபார்த்த மாணவர், “எத்தனை மில்லிமீட்டர்?” என்று கேட்டார். வேறு சொல் தாருங்கள்.

———

அம்மா, மாணவர் கேட்டது நியாயம்தான். இடப்பெயர்ச்சியை இயற்பியல் பாடநூல் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? பட்டினப்பாலை ‘புலம்பெயர் மாக்கள்’ என்கிறது. ஒவ்வொரு மென்பொருளும் ஒரு புலம். ஆகவே ‘பொறியியங்குதொகைப் புலம்பெயர்வு’. நீளமாகத் தோன்றினால் ‘பொறிவலசை’ என்று சுருக்கலாம். வலசை என்பது ‘வலம்’ என்ற வேரிலிருந்து கிளைத்தது என்பது என் துணிபு. வலம், வலயம், வளை, வளையம் எல்லாம் சுற்றி வருவதையே குறிக்கின்றன. இதை விரிவாக இன்னொரு மடலில் எழுதுகிறேன்.

———

ஐயா, விரிவான மடலுக்குக் காத்திருக்கிறோம். ஆனால் வலசை போன பறவை திரும்பி வரும். புதிய பதிப்பில் சேமித்த ஃபைல் பெரும்பாலும் பழைய பதிப்பில் திறக்கவே திறக்காது. அப்புறம் எங்கே சுற்றி வருவது?

சொல்லை விட்டுவிட்டு, அங்கே என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். நான் இந்த வேலை செய்கிறவன். பழைய அசெம்பிளியை ஸ்டெப் ஏபி203 என்ற பொதுவான ஃபைல் வகையில் எடுத்துப் புதியதில் திறந்தால் பாகங்களின் வடிவம் வரும். எது எதற்குள் அடங்கும் என்ற அடுக்கும் வரும். ஒவ்வொரு பாகமும் இருந்த இடத்திலேயே இருக்கும். இழுத்துப் பாருங்கள், எதுவும் இருந்தபடி ஓடாது. ஏனென்றால் எது எப்படி அசையலாம் என்று சொல்லும் மூட்டுகள் வரவில்லை. அதே ஸ்டெப்பில் 2014-இல் வெளியான ஏபி242 என்ற வகையில் இயக்கத்துக்கும் இடம் இருக்கிறது. ஆனால் எழுதும் மென்பொருள், படிக்கும் மென்பொருள் இரண்டுமே அதை ஆதரித்தால்தான் பயன்.

ஒரே நிறுவனத்தின் அடுத்த மென்பொருளுக்குப் போனாலும் தொல்லை தீராது. கேட்டியா வி5-இல் பாகங்களைப் பொருத்தும் கட்டுப்பாடு ஓரிடத்தில், அசைக்கும் மூட்டு வேறிடத்தில். புதியதில் இரண்டையும் ஒரே இணைப்பாக்கிவிட்டார்கள். இன்வென்டர் என்ற இன்னொரு வரைவு மென்பொருளில் ஜாயின்ட் என்ற கட்டளையே 2014 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய மாதிரிகளில் அசைவு என்பது, கட்டுப்பாடுகள் போட்ட பிறகு மிச்சம் விட்டுவைத்த விடுதலைதான்.

ஆக, இங்கே இரண்டு வேலை நடக்கிறது. வடிவம் தானாகப் போகிறது, அசைவை நாம் திரும்பக் கட்டுகிறோம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், ஃபைல் திறந்ததுமே வேலை முடிந்தது என்று மாணவர் நினைத்துக்கொள்வார்.

———

பொறியாளர் சொன்னதை வழிமொழிகிறேன். இலக்கணமும் அதற்குத் துணை நிற்கிறது. ‘பெயர்வு’ என்றால் தானே பெயர்வது. ‘பெயர்ப்பு’ என்றால் ஒருவர் பெயர்ப்பது. மாதிரி தானாகக் கால் முளைத்துப் போகவில்லை, ஆகவே பெயர்ப்பு. தொல்காப்பிய மரபியலில் ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்று வருகிறதே, அதிலேயே இரண்டு வேலையும் இருக்கின்றன. பெயர்ப்பது ஒன்று, நெறிப்படி யாப்பது, அதாவது கட்டுவது, இன்னொன்று.

கட்டுவது என்று வந்தபின் கன்ஸ்ட்ரெயின்டுக்கு ஏன் ‘கட்டுப்பாடு’? ‘தளை’ என்றால் என்ன? கைவிலங்கும் தளைதான், செய்யுளில் சீரோடு சீர் சேர்வதும் தளைதான். ஒன்றின் அசைவைத் தடுப்பது, இரண்டைச் சேர்ப்பது என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. கூடவே ‘இயக்கத் தொகுப்பு’ வேண்டாம், ‘இயங்குதொகுப்பு’ என்றே போடுங்கள். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும், வல்லினமும் மிகாது.

———

மூன்று காலத்துக்கும் பொருந்துமா? பெயர்த்த அன்று ஓடிய அசெம்பிளி மறுநாள் ஓடாமல் நின்றிருக்கிறது, ஐயா!

தளை எனக்குப் பிடித்திருக்கிறது, வகுப்பில் செல்லுமா என்றுதான் தெரியவில்லை. ஒரு கணக்குச் சொல்கிறேன். நான்கு தண்டு இயங்கமைவு (மெக்கானிசம்), நான்கும் கீல் மூட்டு. ஒரு தண்டு நிலையானது, மூன்று அசையும். தளத்தில் தண்டுக்கு மூன்று விடுதலை, கீல் ஒவ்வொன்றும் இரண்டைத் தடுக்கும்: 3×3−2×4=1. ஒரே அசைவு, சரி. மென்பொருளோ முப்பரிமாண வெளியில் கணக்கிடும், அங்கே தண்டுக்கு ஆறு விடுதலை, கீல் ஐந்தைத் தடுக்கும்: 6×3−5×4=−2. விடை ஒன்றாக வேண்டிய இடத்தில் கழித்தல் இரண்டு. அதாவது மூன்று தளைகள் மிகை. அச்சுகள் இணையாக இருப்பதால் அசெம்பிளி அசையத்தான் செய்யும். ஆனால் அசைவைக் கணக்கிடும் நிரல்களான தீர்ப்பான்களில் சில, மிகையானதைச் சொல்லாமல் கழற்றிவிடும். பழையது ஒன்றைக் கழற்றும், புதியது வேறொன்றைக் கழற்றும். திரையில் அசைவு அச்சு அசலாக இருக்கும், மூட்டில் காட்டும் விசை மட்டும் மாறிப்போகும். தாங்கியை (பேரிங்) தேர்ந்தெடுக்க அந்த எண்ணைத்தானே பார்க்கிறோம்! ஒரு கீலை நான்கை மட்டும் தடுக்கும் உருளை மூட்டாகவும், இன்னொன்றை மூன்றை மட்டும் தடுக்கும் கோள மூட்டாகவும் மாற்றினால் 18−17=1, சிக்கல் தீர்ந்தது. இதற்குக் கையேட்டில் கட்டாயம் ஒரு பத்தி வேண்டும். அதில் ‘மிகைத்தளை’ என்று போடலாமா, ‘தேவைக்கு மேற்பட்ட கட்டுப்பாடு’ என்று போடலாமா?

———

‘தளை தட்டுகிறது’ என்று எழுதுங்கள், புலவர்களுக்காவது புரியும்.

———

கேலி வேண்டாம். புரியவில்லை என்று சொல்லிச் சொல்லியே எல்லாச் சொல்லையும் கைவிட்டால் கடைசியில் ‘மேட்’டும் ‘ஜாயின்ட்’டும்தான் மிஞ்சும். இயங்கமைவு என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஈழத்து நண்பர்கள் பொறிமுறை என்கிறார்கள். இரண்டுமே ஒருநாள் யாருக்கும் புரியாமல் இருந்தவைதானே? பொறி என்றதும் நினைவுக்கு வருகிறது. ‘பொறிவாயில் ஐந்தவித்தான்’ என்ற இடத்தில் பொறி புலனுறுப்பு. அதே சொல் எப்படி இயந்திரத்துக்கும் வந்தது என்று பார்த்தால்…

———

அனைவருக்கும் நன்றி. பொறியின் வரலாற்றை அடுத்த வாரம் நிதானமாகப் படிக்கிறேன்.

நான் முடிவுசெய்தது இதுதான். தலைப்பு: ‘அசையும் தொகுப்பைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுதல்’. உள்ளே வடிவத்துக்குப் ‘பெயர்ப்பு’, அசைவுக்கு ‘மீளக்கட்டுதல்’. ஜாயின்டுக்கு மூட்டு. கன்ஸ்ட்ரெயின்டுக்குக் கட்டுப்பாடுதான், மாணவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். மிகைத்தளையை ஓரிடத்தில் மட்டும் விளக்கத்தோடு வைத்திருக்கிறேன். நால்வர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

———

நான் அந்த நால்வரில் இல்லை என்பதைப் பதிவுசெய்கிறேன். ‘மாற்றுதல்’ எதற்கும் பொருந்தும்; எதையும் மாற்றலாம். எதற்கும் பொருந்துவது கலைச்சொல் ஆகாது. வலசை பற்றிய மடல் நாளை வரும்.