பெல்லட் பாய்லர் பாதியில் அணைகிறது

வேல்ஸில் ஒரு மலைக்கிராமத்தில் இருக்கிறோம். எரிவாயுக் குழாய் இங்கே வராது. வீட்டைச் சூடாக்குவது 2016இல் பொருத்திய 15 கிலோவாட் பெல்லட் பாய்லர்தான்; மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை (பெல்லட்) எரிப்பது. மூன்று வாரமாக, பற்றிய நாற்பது நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. எரிகலத்தில் சாம்பல் உருகிக் கண்ணாடிபோல் இறுகுகிறது. உளி வைத்துப் பெயர்க்கிறேன்.

பெல்லட் மட்டமோ என்று, சாம்பல் 0.7 சதவீதத்துக்கு மிகாத ஏ1 தரத்துக்கு மாறினேன். காற்றுத் துளைகளைக் குத்திவிட்டேன், புகைபோக்கியைத் துடைத்தேன், பற்றவைக்கும் கம்பியையும் மாற்றியாயிற்று. பலனில்லை. புகையில் ஆக்சிஜன் அளவு திரையில் 4 சதவீதத்துக்கும் 15 சதவீதத்துக்கும் இடையே தாவுகிறது. மெக்கானிக் அடுத்த மாதம்தான் வருவாராம். மாமியார் இரண்டு கம்பளிக்குள் இருக்கிறார்.

அந்த ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சார் விலை அதிகம். அதை வாங்குமுன், கோளாறு அதிலா, புகை இழுக்கும் விசிறியிலா என்று வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?