அப்பாவுடன் அமர்ந்து ‘கேரி ஆன் அப்ராட்’ பார்க்கலாமா?

பட்டர்வொர்த்வாசி:
வணக்கம். பல ஆண்டுகளுக்கு முன் என் பெற்றோர் பேக்கேஜ் டூரில் இந்தோனேசியாவின் தோபா ஏரிக்குச் சென்றபோது, விளம்பரத்தாளில் பளபளத்த விடுதி நேரில் பாதிதான் கட்டி முடிந்திருந்தது. குழாயைத் திறந்தால் செம்மண் கலந்த தண்ணீர் வந்ததாம். தீபாவளிக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார். 1972இல் வெளிவந்த இந்த பிரிட்டிஷ் நகைச்சுவைப் படத்தின் கதையும் அப்படித்தான் என்று அறிந்து, அவருடைய பிறந்தநாளன்று வீட்டில் போட்டுக் காட்ட விரும்புகிறேன். ஆனால் விரசமான படம் என்கிறார்கள். பேத்திகளும் உடன் இருப்பார்கள். காட்டலாமா?

செந்தூல்காரர்:
தம்பி, அப்பாவுக்குத் தாராளமாகக் காட்டுங்கள், பேத்திகளுக்கு வேண்டாம். வசனத்தில் பாதி இரட்டை அர்த்தம். விலைமாதர் விடுதியில் அடிதடி நடந்து பயணிகள் சிறைக்குப் போகும் காட்சியும் உண்டு. ஆனால் எனக்கு இந்தப் படத்தின் உயிர் அந்தப் பாதி கட்டிய விடுதிதான். உங்கள் ஊர்ப் பெயரையே தாங்கிய பீட்டர் பட்டர்வொர்த், வாயிற்காவலர், பெட்டி தூக்குபவர், மேலாளர் என எல்லா வேலைக்கும் தாம் ஒருவரே ஓடி ஓடி, மூச்சு வாங்கிக்கொண்டே விருந்தினரைப் பார்த்துச் சிரிப்பார். சமையலறையில் அவர் மனைவியாக வரும் ஹாட்டி ஜாக்ஸ் அடங்காத அடுப்போடு மல்லுக்கு நிற்பார். கடைசியில் கொட்டும் மழையில் கட்டடமே சரிகிறது. உள்ளே கொண்டாட்டம் நடந்துகொண்டிருக்கிறது. தோபாவில் நொந்துபோன மனிதருக்கு இதைவிட ஆறுதலான காட்சி வேறு இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை:
செந்தூல் அண்ணன் சொல்வது சரி. நடுத்தர வருமானக்காரர்களும் உழைப்பாளிகளும் விமானம் ஏறி ஸ்பெயின் கடற்கரைக்குப் போகத் தொடங்கி, அங்கே விடுதிகள் அவசர அவசரமாக எழும்பிய காலத்தின் படம் இது. ஆயினும் படக்குழு ஸ்பெயினுக்குப் போகவில்லை. லண்டனை அடுத்த பைன்வுட் படப்பிடிப்புத் தளத்திலேயே விடுதி எழுந்தது. கதை நடக்கும் எல்ஸ்பெல்ஸ் என்ற ஊரும் கற்பனைதான். எரிச்சலில் ஆங்கிலேயர் சொல்லும் ‘ஹெல்ஸ் பெல்ஸ்’ என்பதன் திரிபு அது. இத்தகைய சிலேடைகளைத் துணைவசனம் தாங்காது; முதலிலேயே அப்பாவுக்குச் சொல்லிவிடுங்கள். தாய்க்கு அடங்கிய பிள்ளையாக வரும் சார்லஸ் ஹாட்ரியையும் கவனியுங்கள். ‘கேரி ஆன்’ நகைச்சுவைப் பட வரிசையில் அவர் நடித்த கடைசிப் படம் இதுவே.

பட்டர்வொர்த்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. பிள்ளைகளை அன்று மாலை அக்காள் வீட்டில் விட்டுவிடுகிறேன். அம்மாவும் உட்காரட்டும், செம்மண் தண்ணீரில் துணி துவைத்தவர் அவர்தான்.