ஒரே வீட்டுல மூணு மதம்: அசோகர் வீட்டுல எப்படிச் சமாளிச்சாங்க?

தண்டையார்பேட்டை தையல்கடை:
வணக்கம். வரலாறு தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. அப்பா தவறி 11 நாள் ஆகுது. ஹார்பர்ல வேலை பார்த்தவர், பௌர்ணமி தவறாம திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்க்காம இருக்கமாட்டார். அக்கா கல்யாணத்துக்கு அப்புறம் சபைக்குப் போறா. தம்பி நாலு வருஷமா பௌத்தம். பதினாறாம் நாள் காரியத்தைக் காசிமேடு கடற்கரையில வைக்கலாம்னு பெரியப்பா சொன்னார். தம்பி, "மொட்டை அடிக்கமாட்டேன், பிண்டம் வைக்கமாட்டேன், சடங்கெல்லாம் வீண்னு அசோகரே கல்லுல வெட்டி வச்சிருக்கார்"ன்றான். பெரியப்பா செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டார்.

என் பையன் வேற, சந்திரகுப்தர் சமணம், அவர் மகன் பிந்துசாரர் ஆசீவகம் (அந்தக் காலத்துல இருந்து அழிஞ்சு போன ஒரு துறவி மதம்), பேரன் அசோகர் பௌத்தம், நம்ம வீடு மாதிரியே இருக்கும்மான்னு சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரல. அசோகர் நிஜமாவே அப்படி வெட்டி வச்சாரா?

லோகோ ரிட்டையர்டு:
அம்மா, அப்பா போன துக்கத்துல இது ஒரு துக்கமா. அந்தப் பாறையை நான் கண்ணால பார்த்தவன், அதனால சொல்றேன். பெரம்பூர் லோகோ ரயில் பட்டறையில 34 வருஷம். ரயில்வே பாஸ் சும்மா கிடக்குதேன்னு ஒரு தடவை பம்பாய் வண்டியில ஏறி ஆந்திராவுல குத்தி ஸ்டேஷன்ல இறங்கினேன். அங்கிருந்து பத்திகொண்டா போற ரோட்டுல எர்ரகுடி. அசோகர் ஜனங்களுக்குச் சொன்னதைப் பாறையில வெட்டி வச்ச 14 பெரும்பாறைக் கட்டளையும் இருக்கிற இடங்கள்ல நமக்குக் கிட்ட இருக்கிறது அதுதான்.

அதுல இருக்கிற பழைய பிராமி எழுத்து எனக்கு எங்கே தெரியும்? மொழிபெயர்ப்பைக் கையில வச்சுக்கிட்டு, வெயில்ல பாறையையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தேன். அங்கேயே சிறுபாறைக் கட்டளை ஒண்ணு இருக்கு. அதுல பல வரி வலமிருந்து இடமா ஓடுது, ஏர் ஓட்டிட்டுத் திரும்பி வர்ற மாதிரி. பட்டறையில புதுப்பையன் மார்க்கிங் போட்டா இப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

உங்க தம்பி சொல்றது 9-ம் கட்டளை. உடம்பு சரியில்லைன்னா, பிள்ளைக்குக் கல்யாணம்னா, குழந்தை பிறந்தா, வெளியூர் கிளம்பினா ஜனங்க சடங்கு பண்றாங்க, அதுலயும் பெண்கள் அற்பமான சடங்கு நிறையப் பண்றாங்கன்னு ராஜா குறைப்படறார். (இதைப் படிச்சுக் காட்டினப்ப என் சம்சாரம் ஒரு பார்வை பார்த்தா பாருங்க.) ஆனா அடுத்த வரியைத் தம்பி முழுங்கிட்டார். "சடங்கு செய்யத்தான் வேணும், பலன் கொஞ்சம்தான்." இதுதான் அங்கே இருக்கு. வேண்டாம்னு இல்லை. பெரிய பலன் தர்ற சடங்குன்னு அவர் சொல்றது என்ன தெரியுமா? அடிமை, வேலைக்காரங்களை ஒழுங்கா நடத்தறது, பெரியவங்களுக்கு மரியாதை, உயிர்கள்கிட்ட அடக்கம், சிரமணருக்கும் (பௌத்த, சமணத் துறவிங்க மாதிரி) பிராமணருக்கும் தானம்.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். சாவுச் சடங்கு பேர் சொல்லி அந்தப் பட்டியல்ல கிடையாது, "இதுபோன்ற மற்ற சமயங்கள்"னு பொதுவா இருக்கு. ஆக, மொட்டைக்கு அசோகர்கிட்ட ஆதரவும் இல்லை, தடையும் இல்லை.

வியாசை பையன்:
அக்கா, உங்க பையன் கணக்குல அசோகர் மட்டும்தான் கெட்டி. அவர் தானே கல்லுல பேசறார். சந்திரகுப்தர் கர்நாடகாவுல இருக்கிற சரவணபெளகொளா போய் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்டார்னு சமண மரபு சொல்லுது. ஆனா அதைத் தொட்டுப் பேசற கல்வெட்டெல்லாம் அவர் போய் ஏறக்குறைய 900 வருஷம் கழிச்சு வெட்டினது. பிந்துசாரருக்கு ஆசீவகர் தொடர்பு இருந்ததைப் பௌத்தக் கதைகள் சொல்லுது; இலங்கையில எழுதின பௌத்த வரலாறு மகாவம்சமோ அவர் பிராமணர்களுக்குச் சோறு போட்டார்னு சொல்லுது.

உங்களுக்கு உதவறது வேற ஒண்ணு. பீகார்ல கயாவுக்கு வடக்கே பராபர் மலையில கருங்கல்லைக் குடைஞ்ச குகைகள் இருக்கு. உள்சுவர் முகம் தெரியற அளவுக்கு மெருகு. பட்டமேறின 12-ம் வருஷம் அசோகர் அதுல ரெண்டை ஆசீவகர்களுக்குக் கொடுத்தார், வாசல்லயே எழுத்து இருக்கு. அதுக்கு முன்னாடியே அவர் பௌத்தர் ஆயிட்டார். ஆனா புத்தரும் ஆசீவகத் தலைவர் மக்கலி கோசாலரும் ஆகவே ஆகாதவங்க. தான் ஒரு மதம், தானம் இன்னொரு மதத்துக்கு. பின்னாடி வந்த எவனோ சில குகைகள்ல "ஆசீவகருக்கு"ன்ற சொல்லை மட்டும் உளியால கொத்தி விட்டிருக்கான். இன்னும் படிக்க முடியுது.

அக்கா, 12-ம் கட்டளையைத் தம்பிக்குக் காட்டுங்க. தன் மதத்தைத் தூக்கி அடுத்தவன் மதத்தைத் தாழ்த்தறவன் தன் மதத்துக்குத்தான் கெடுதல் பண்றான்னு இருக்கு.

ராயபுரம் நைட் ஷிப்ட்:
அவரை ரொம்பவும் சாதுவாக்கிடாதீங்கப்பா. சங்கத்தை, அதாவது பௌத்தத் துறவிங்க கூட்டத்தை, உடைக்கிற பிக்குவுக்கு வெள்ளைத்துணி கட்டி வெளியே தள்ளுன்னு சாஞ்சி, சாரநாத் தூண்கள்ல உத்தரவு போட்டதும் அதே ஆள்தான். ஊர்ல எல்லா மதமும் இருக்கட்டும், ஆனா சொந்தச் சங்கத்துல பிளவு கூடாது. உங்க பெரியப்பா மாதிரிதான்.

தண்டையார்பேட்டை தையல்கடை:
எல்லாருக்கும் நன்றி. ராயபுரம் அண்ணா, பெரியப்பாகிட்ட இதைச் சொல்லல, சொன்னா நான்தான் வெளியே.

9-ம் கட்டளையைத் தம்பிகிட்டப் படிச்சுக் காட்டினேன். "செய்யத்தான் வேணும்"ல நிறுத்தினேன். போனை வாங்கி அவனே ரெண்டு தடவை படிச்சான். கடைசியில மொட்டை பெரியப்பா பையன் அடிச்சுக்கறான். தம்பி கரையில நிப்பான், பிண்டத்தைத் தொடமாட்டான். அப்பாகூட வேலை பார்த்த கலாசிங்க 20 பேருக்கு அவன் செலவுல சாப்பாடு. அக்கா வந்து பரிமாறறேன், விபூதி மட்டும் பூசவேண்டாம்னா. கறிச்சோறா சைவமான்னு இன்னும் சண்டை ஓடுது. அதுக்கு அசோகர்கிட்ட ஏதாவது இருக்கா?

லோகோ ரிட்டையர்டு:
இருக்கும்மா, 1-ம் கட்டளை. முன்னாடி அவர் மடப்பள்ளியில தினம் லட்சக்கணக்குல உயிர் கறியாச்சாம். இது வெட்டும்போது ரெண்டு மயில், ஒரு மான்னு குறைஞ்சிருந்தது, மானும் தினம் இல்லை. இனிமே அதுவும் கொல்லமாட்டோம்னு முடிச்சிருக்கார். உங்க பெரியப்பாகிட்ட இதைக் காட்டவேண்டாம், கலாசிங்க வயிறெரிவாங்க.