மின்சாரக் கார்: பிரேக்கை அழுத்தினால் இடப்பக்கப் பின்விளக்கு மங்குகிறது, விளக்குத் தொகுதியை மாற்றத்தான் வேண்டுமா?

கோவைவாசி (கேள்வி):
வணக்கம். தொடர்மழைக்குப் பிறகு எங்கள் மின்சாரக் காரின் இடப்பக்கப் பின்விளக்கில் கோளாறு தெரிகிறது. இரவில் விளக்குகளைப் போட்டால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் எரிகின்றன. பிரேக்கை அழுத்தியதும் இடப்பக்கம் ஒளி கூடாமல் முன்பைவிட மங்கிவிடுகிறது. பகலில் விளக்குச் சுவிட்சு அணைந்திருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் நம்பர் பிளேட் விளக்கு மங்கலாகச் சிவந்து எரிகிறது. இடப்பக்க இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக விட்டுவிட்டு எரிகிறது. வலப்பக்கத்தில் குறையில்லை. ஃபியூஸ்கள் நன்றாக உள்ளன. 21/5 வாட் இரட்டை இழை பல்பைப் புதிதாகப் போட்டும் மாற்றமில்லை. பணிமனையில் கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "வோல்ட் முழுதாக வருகிறது, எனவே விளக்குத் தொகுதியையே மாற்ற வேண்டும்" என்கிறார்கள். மின்சாரக் கார் என்பதால் நானே கைவைக்கவும் தயக்கமாக இருக்கிறது.

வயரிங்காரர்:
விளக்குத் தொகுதிக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். அணைந்திருக்க வேண்டிய நம்பர் பிளேட் விளக்கு பிரேக்கோடு சேர்ந்து எரிகிறது என்பதே, இடப்பக்கத் தொகுதியின் எர்த் இணைப்பு (மின்சாரம் வண்டியின் பாடி உலோகம் வழியே பேட்டரிக்குத் திரும்பும் வழி) கெட்டிருப்பதற்கான வலுவான அடையாளம். பிரேக்குக்கான 21 வாட் இழை வழியாக வரும் மின்சாரம் எர்த் வழியே பாடிக்குத் திரும்ப முடியாதபோது, அதே பல்பில் இரவு விளக்குக்கான 5 வாட் இழைக்குள் பின்னோக்கிப் புகுந்து, பின்விளக்குகளுக்கான பொது வயரில் ஏறி, நம்பர் பிளேட் விளக்கின் வழியாகவும் வலப்பக்கப் பல்பின் வழியாகவும் எர்த்தைத் தேடிக்கொள்கிறது. இரவில் இரண்டு இழைகளுக்கும் ஒரே நேரத்தில் 12 வோல்ட் கொடுத்தால் அந்தத் திருட்டு வழியும் அடைபடுவதால்தான் ஒளி மங்குகிறது. இண்டிகேட்டரில் மின்னோட்டம் குறைவதைக் கண்ட கட்டுப்பாட்டுப் பெட்டி, பல்ப் பழுதாகிவிட்டதாக எண்ணி வேகத்தைக் கூட்டுகிறது.

கனெக்டரைக் கழற்றிவிட்டு அளப்பதில் பயனில்லை. மல்டிமீட்டர் மிகமிகக் குறைந்த மின்னோட்டத்தையே இழுக்கும் என்பதால், துருப்பிடித்து ஒரே ஒரு கம்பி இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் அது முழு வோல்ட்டைக் காட்டும். கனெக்டரை மாட்டியே வைத்து, ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி, மீட்டரின் கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத பாடி உலோகத்திலும் சிவப்பு முனையைக் கனெக்டரின் பின்புறம் எர்த் வயரிலும் வைத்து அளந்து சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் எங்கோ தடை இருக்கிறது.

மின்வண்டிப் பயனர்:
தயக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பின்விளக்குகள் ஓட்டத்துக்கான உயர் மின்னழுத்த பேட்டரியில் இயங்குவதில்லை. பெட்ரோல் கார்களில் இருப்பதைப் போன்ற தனி 12 வோல்ட் பேட்டரியில்தான் இயங்குகின்றன. ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்களையும் அவற்றின் கனெக்டர்களையும் மட்டும் தொடாதீர்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வண்டியை ஓட்டத்துக்குத் தயாரான நிலையில் வைக்காமல் நெடுநேரம் விளக்குகளை எரியவிட்டால் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும். அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் அதை இணைக்கும் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சு மூடாது, வண்டி கிளம்பாது.

எல்.இ.டி. பல்ப் போட்டால் மின்னோட்டம் குறைவு என்பதால் எர்த் கெட்டிருந்தாலும் ஓடிவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது நோயை மறைக்கும் வேலை. இண்டிகேட்டரும் இன்னும் வேகமாகத் துடிக்கும்.

கோவைவாசி:
இருவருக்கும் நன்றி. சொன்னபடி அளந்தேன். பிரேக்கை அழுத்தும்போது எர்த் வயரில் 8.6 வோல்ட் காட்டுகிறது. வலப்பக்கத்தில் இதே சோதனையில் 0.1 வோல்ட்டுக்கும் கீழே. இனி எங்கே தேடுவது?

வயரிங்காரர்:
8.6 வோல்ட் எர்த்திலேயே விழுந்துவிட்டால் பல்புக்கு மிஞ்சுவது சிறிதளவுதான். அந்த எர்த் வயர் டிக்கியின் இடப்பக்க உள்ளுறைக்குப் பின்னால் வளைய முனையோடு பாடியில் முடுக்கப்பட்டிருக்கும். பிரேக் அழுத்திய நிலையிலேயே சிவப்பு முனையை அந்த வளைய முனைக்கு நகர்த்துங்கள். அங்கும் 8 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் குறை போல்ட்டுக்கும் பாடிக்கும் இடையில். அங்கே வோல்ட் இல்லாவிட்டால் வயரிலோ கனெக்டர் பின்னிலோ இருக்கிறது. டிக்கிக் கதவில் பொருத்திய விளக்காக இருந்தால், கதவோடு மடங்கி மடங்கி விரியும் ரப்பர் குழாய்க்குள் வயர் உள்ளுக்குள் அறுந்திருப்பதையே முதலில் சந்தேகிப்பேன்.

கோவைவாசி:
விளக்கு பாடியில்தான் இருக்கிறது. வளைய முனையிலும் ஏறக்குறைய அதே வோல்ட் காட்டியது. உறையை நீக்கியபோது போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் பழுப்புமாகத் துரு படிந்திருந்தது. கீழேயுள்ள பள்ளத்தில் தண்ணீரும் தேங்கியிருந்தது. 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, முனையையும் பாடியையும் பளபளப்பாகும் வரை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிய பின் 0.06 வோல்ட்தான் காட்டுகிறது. பிரேக்கும் இண்டிகேட்டரும் சரியாகிவிட்டன.

வயரிங்காரர்:
தேய்த்த இடத்தின் மேல் கிரீஸோ பெட்ரோலியம் ஜெல்லியோ பூசுங்கள். தேய்த்து வெளிப்பட்ட உலோகம் அடுத்த மழைக்குள் மறுபடி துருவேறும். தண்ணீர் வரும் வழியையும் அடைத்தாக வேண்டும். பெரும்பாலும் விளக்குத் தொகுதிக்கும் பாடிக்கும் இடையில் நீர் புகாமல் தடுக்கும் கேஸ்கெட் பட்டை நசுங்கியிருக்கும். தொகுதியைக் கழற்றி கேஸ்கெட்டை மாற்றிய பின், ஒருவர் வெளியிலிருந்து குழாயால் நீர் பாய்ச்ச, மற்றவர் டிக்கிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.

ஈரோட்டு வாசகர்:
எங்கள் வண்டியில் பின்விளக்கு முழுவதும் எல்.இ.டி., பல்பே கிடையாது. அதற்கும் இதே சோதனை பொருந்துமா?

வயரிங்காரர்:
எர்த் சோதனை பொருந்தும், அடையாளங்கள் மாறும். எல்.இ.டி. பின்னோக்கி மின்சாரத்தை விடாது என்பதால் வேறு விளக்குகள் மங்கலாக எரியும் காட்சியைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. வோல்ட் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் தொகுதி அடியோடு அணைந்துவிடும், அல்லது சிமிட்டும். சில வண்டிகளில் மின்சாரத்தை மிக வேகமாகத் துண்டித்துத் துண்டித்து ஒளியைக் குறைக்கிறார்கள். அங்கே சாதாரண மீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால், 6 வோல்ட் தெரிந்தாலே பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். கண்ணாடிக்குள் இலேசான ஆவி படிந்து, வண்டி ஓடியதும் மறைந்தால் கவலையில்லை. நீர் தேங்கி நின்றால் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகை கெடும், அப்போது தொகுதியை மாற்றுவதைத் தவிர வழி குறைவு.