டெஸ்ட் லீடா இருக்கேன், ப்ராஜெக்ட் மேனேஜர் பக்கம் போகலாமா? நாள் பூரா அவங்க என்னதான் பண்றாங்க?

கேட்டது: ஓஎம்ஆர்_வாசி

வணக்கம் மக்களே. சென்னைல ஒரு ஐடி சர்வீஸ் கம்பெனில டெஸ்ட் லீட் (சாஃப்ட்வேரை சோதிக்கிற டீமைப் பாத்துக்கிறவன்), மொத்தம் 9 வருஷ எக்ஸ்பீரியன்ஸ். ஆட்டோமேஷன்ல ஆழமா போகலாம்னு முயற்சி பண்ணேன், மனசு ஒட்டல. ஆனா ரிலீஸ் நேரத்துல எது யார்கிட்ட நிக்குதுன்னு துரத்திப் பிடிச்சு நகத்துறது பிடிச்சிருக்கு. அதனால பிஎம் (ப்ராஜெக்ட் மேனேஜர்) ஆகலாமான்னு ஒரு யோசனை. எங்க பிஎம்மைப் பாத்தா எப்பவும் போன் கால்லயே இருக்காரு, என்ன வேலைன்னு கேட்டா "நீ வந்து பாரு தெரியும்"ங்கிறாரு. இதுக்கு நடுவுல பிஎம்பி (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சர்டிபிகேட்) கோச்சிங்காரங்க தினமும் போன் பண்ணி உயிரை எடுக்குறாங்க. சர்டிபிகேட் முதல்லயா, வேலை முதல்லயா? கோடிங் தெரியாதவனை டெவலப்பர்ஸ் மதிப்பாங்களா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பதில்: டெலிவரி_அண்ணாச்சி

தம்பி, உங்க பிஎம் கிண்டலுக்கு சொல்லல, நிஜமாவே சொல்லிப் புரிய வைக்கிறது கஷ்டம். நான் ஒரு அமெரிக்க கிளையண்ட்டுக்கு டெலிவரி பாக்குறேன். காலைல மெயில், ஜிரால (வேலைகளை டிக்கெட்டா போட்டுக் கண்காணிக்கிற சாஃப்ட்வேர்) எது நகரலன்னு ஒரு பார்வை, ஸ்டாண்டப் (டீமோட தினசரி குட்டி மீட்டிங்), இதெல்லாம் சீக்கிரம் முடிஞ்சிடும். மீதி நாள் எப்படிப் போகும்னா, இப்போ சமீபத்துல நடந்ததையே சொல்றேன். வெள்ளிக்கிழமை யுஏடி (கிளையண்ட்டே பயன்படுத்திப் பாக்குற கடைசி டெஸ்டிங்) ஆரம்பிக்கணும், கோடு ரெடி, உங்கள மாதிரி டெஸ்டிங் ஆளுங்களும் ஓகே சொல்லியாச்சு, ஆனா கிளையண்ட் ஃபயர்வால்ல (நெட்வொர்க் பாதுகாப்புத் தடுப்பு) ஒரு போர்ட் திறந்து விடணும், அதுக்குப் போட்ட டிக்கெட் அசையவே இல்ல. டீம்ல கேட்டா "ரெய்ஸ் பண்ணிட்டோம்ணா, வெயிட்டிங்", அவ்ளோதான் பதில். தேடிப் பாத்தா அந்த நெட்வொர்க் ஆளு லீவுல போயிட்டாரு, அவருக்கு பதிலா யாருன்னு கேட்டு மெயில் போட்டு, ராத்திரி கால்ல அப்ரூவல் யார்கிட்ட நிக்குதுன்னு கண்டுபிடிச்சா அந்த மனுஷன் எனக்கு ரிப்போர்ட் பண்றவரும் இல்ல என் கம்பெனியும் இல்ல, கோவப்படவும் முடியாது கெஞ்சவும் கூடாது, "நாளைக்கு உங்க மத்தியானத்துக்குள்ள திறக்கலேன்னா யுஏடி திங்கக்கிழமைக்குத் தள்ளிப் போகும், காரணத்தை ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்ல எழுத வேண்டியிருக்கும்"னு தன்மையா சொன்னேன். திறந்துட்டாங்க. ரெண்டு நாள் வேலைப்பா அது, ஒரு வரி கோடு கிடையாது.

மதிப்பு பத்தி கேட்டீங்க. கோடு தெரியலேன்னு எந்த டெவலப்பரும் முறைக்க மாட்டான். கிளையண்ட் "சின்ன சேஞ்ச்தானே"ன்னதும் எஸ்டிமேட் கேக்காம தலையாட்டிட்டு வந்து நிக்கிற பிஎம்மைத்தான் கரிச்சுக் கொட்டுவான். ஃபிக்ஸட் பிரைஸ் (மொத்த விலையை முன்னாடியே பேசி முடிச்ச) ப்ராஜெக்ட்னா அந்த சின்ன சேஞ்ச் நேரா லாப மார்ஜின்ல கை வைக்கும், சேஞ்ச் ரிக்வெஸ்ட் (மாத்தணும்னா இவ்ளோ கூடும்னு எழுதிக் கேக்குறது) போடறதுக்கு வாய் வரணும். அப்புறம் டைம்ஷீட் அப்ரூவல், இன்வாய்ஸ், அடுத்த மாச ஃபோர்காஸ்ட், அப்ரைசல் பஞ்சாயத்து, இதுவும் உங்க தலையிலதான், இதை எந்த கோர்ஸ்லயும் சொல்ல மாட்டாங்க. நியூயார்க் காலை 9 மணி கால் கோடைல நமக்கு சாயந்திரம் 6:30, நவம்பர்ல அவங்க கடிகாரத்தை மாத்தினா 7:30. வீட்ல இப்பவே சொல்லி வச்சிடுங்க.

பதில்: மஞ்சள்_ஸ்டேட்டஸ்

நான் பிஏவா (பிசினஸ் அனலிஸ்ட்) இருந்து மாறினவ. கோச்சிங்காரங்களுக்கு பயந்து பணம் கட்டிடாதீங்க. பிஎம்பிக்கு டிகிரி இருந்தா 36 மாசம் ப்ராஜெக்ட்டை நடத்தின அனுபவமும் 35 மணி நேர ட்ரெய்னிங்கும் வேணும். நடத்தினீங்களான்னுதான் கேக்குறாங்க, உங்க டைட்டில் ப்ராஜெக்ட் மேனேஜர்னு இருக்கணும்னு இல்ல. நீங்க ரிலீஸை ஒருங்கிணைச்சதை சரியா எழுதினா அதுல கொஞ்சம் எடுபடும், வெறுமனே டெஸ்ட் கேஸ் ஓட்டினது எடுபடாது. ஆடிட்னு சிலரை எடுப்பாங்க, அப்போ பழைய மேனேஜர் கையெழுத்து வேணும், அதனால சண்டை போட்டுட்டு வெளிய வராதீங்க 😀. 2021ல பேட்டர்ன் மாறினதுலருந்து அஜைல் (கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு மாத்திக்கிட்டே போற முறை), ஹைப்ரிட் (அதுவும் பழைய முறையும் கலந்தது) சம்பந்தமான கேள்வி நிறைய, பழைய நோட்ஸ் வச்சு மனப்பாடம் பண்ணா வேலைக்காகாது. பாஸ் ஆனாலும் 3 வருஷத்துக்கு ஒருக்கா 60 பிடியு (தொடர்ந்து கத்துக்கிட்டதுக்கான பாயிண்ட்) காட்டி புதுப்பிக்கணும்.

என்னைக் கேட்டா வேலைதான் முதல்ல. வெளிய பிஎம்னு அப்ளை பண்ணா டைட்டில் இல்லேன்னு ஹெச்ஆரே தட்டி விட்டுடுவாங்க, உள்ள மாறுறது சுலபம். உங்க பிஎம்கிட்ட போய் "வாராந்திர ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டை நான் தயார் பண்றேன்"னு கேளுங்க, எவனும் வேண்டாம்னு சொல்ல மாட்டான், அது எல்லாருக்கும் பிடிக்காத வேலை. பண்ணும்போதுதான் தெரியும், மஞ்சள் (சிக்கல் இருக்கு) போட வேண்டிய இடத்துல பச்சை (எல்லாம் சரி) போடுன்னு மேல இருந்து எவ்ளோ அழுத்தம் வருதுன்னு. அந்த அழுத்தத்தைப் பாத்தும் உங்களுக்கு இந்த வேலை பிடிச்சிருந்தா அப்புறம் பிஎம்பி பாக்கலாம்.

பதில்: சென்ட்ரிங்_சாமி

நடுவுல வர்றேன், நான் ஐடி இல்லைங்க, கட்டடம். சைட் இன்ஜினியர், அப்புறம் பிளானிங், இப்போ பிஎம். ப்ரைமவேராங்கிற சாஃப்ட்வேர்ல அழகா ஷெட்யூல் போடலாம், ஆனா தீபாவளி முடிஞ்சு சட் பூஜைக்குன்னு பீகார் பசங்க ஊருக்குப் போனா கம்பி கட்ட ஆள் இருக்காது, அதே சமயத்துல இங்க வடகிழக்கு பருவமழை, இது ரெண்டையும் ஏப்ரல்லயே கணக்குல வைக்கிறவன்தான் பிஎம். காலைல ஆள் எண்ணிக்கை, காங்க்ரீட் போடறதுக்கு முன்னாடி செக்கிங், மத்தியானம் வெண்டார் சண்டை, சாயந்திரம் ஆர்ஏ பில் (முடிஞ்ச அளவு வேலைக்கு அப்பப்போ போடற பில்). முக்கியமா ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர் (வேலைக்கு வந்த தடையை எழுதற நோட்டு). டிராயிங் லேட்டு, இடம் ஒப்படைக்கல, மழைன்னு அன்னன்னிக்கு தேதி போட்டு எழுதி கையெழுத்து வாங்கலேன்னா பின்னாடி டைம் எக்ஸ்டென்ஷன் கேக்கும்போது வெறுங்கையோட நிக்கணும். அண்ணாச்சி சொன்ன ஃபயர்வால் கதையும் எங்களுக்கு இந்த ரிஜிஸ்டர்லதான் ஏறும்.

பதில்: பெஞ்ச்_பார்த்தவன்

எல்லாரும் நல்லதாவே சொல்றீங்க. சின்ன டீம்ல ஸ்க்ரம் மாஸ்டர் (அஜைல் டீமை ஒருங்கிணைக்கிறவர்), பிஎம், சில சமயம் பிஏ மூணும் ஒரே தலையில கட்டிடறாங்க. ஆட்குறைப்புன்னு வந்தா கிளையண்ட்டுக்கு பில் ஆகாத ஆளுங்க லிஸ்ட்தான் முதல்ல போகும், அதுல பிஎம் நிறைய. டெஸ்டிங் ஸ்கில்லை கைவிடாம வாங்க.

ஓஎம்ஆர்_வாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்னபடி இன்னிக்கே பிஎம்கிட்ட கேட்டேன், "இந்த வாரத்துலருந்தே எடுத்துக்கோ"ன்னு ஒரு எக்செல்லைத் தள்ளி விட்டுட்டாரு. அதுல ரிஸ்க் ஷீட்டை (வரக்கூடிய சிக்கல்களோட லிஸ்ட்) ஜனவரிக்கு அப்புறம் யாருமே தொடல. பழசையெல்லாம் குளோஸ் பண்ணிட்டு புதுசா ஆரம்பிக்கலாமா?

பதில்: டெலிவரி_அண்ணாச்சி

நீங்களா குளோஸ் பண்ணாதீங்க. ஒவ்வொண்ணுக்கும் ஓனர் பேர் போட்டிருக்கும்ல, அவங்ககிட்ட நேர்ல போய் இன்னும் இருக்கா இல்லையான்னு கேட்டு அவங்க வாயாலயே மூட வைங்க. பாதி பேர் பேப்பர் போட்டுட்டு போயிருப்பாங்க, அந்த ரிஸ்க்குக்கு இப்போ யார் பொறுப்புன்னு கேட்டு உங்க பிஎம்முக்கு எழுத்துல அனுப்புங்க.